காலண்டரில் ஒரு புள்ளி

பெரியப்பாவின் காரியம் முடிந்து மூன்று வாரம் ஆகியிருக்கும். இரவு பதினொன்றரை மணிக்குக் குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று, போன் டார்ச்சை வாய்க்குள் அடித்து, நாக்கை முடிந்த மட்டும் வெளியே நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு நாளாகத் தொண்டையில் கரகரப்பு. அதற்காகத்தான் பார்க்கப் போனேன். கண்ணில் பட்டது வேறு. நாக்கின் வேர்ப்பக்கத்தில், சாதாரணமாகப் பார்வைக்கே வராத இடத்தில், கம்பு மணி அளவில் சிவந்த உருண்டைகள் வரிசையாக நின்றன. எண்ணினேன். ஏழு. ஓங்கரித்துக்கொண்டு வந்தது, கண்ணில் தண்ணீர் முட்டியது. வாயைக் கொப்பளித்துவிட்டுத் திரும்பவும் நீட்டி எண்ணினேன். எட்டு.

பெரியப்பாவுக்கும் வாய்க்குள்தான் ஆரம்பித்தது. அதைப் பிறகு சொல்கிறேன். அன்றிரவு அவர் முகம் மட்டும்தான் எனக்குள் நின்றது. விடியவிடிய நாக்கைப் பல்லில் தேய்த்துப் பார்த்துக்கொண்டே கிடந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். அந்த இரண்டு நாளும் கூட்டல் சரியாக வரவில்லை, மனசு முழுக்க வாயிலேயே இருந்தது.

மூன்றாம் நாள் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "இத முதல்லயே சொல்றதுக்கு என்ன?" என்று கேட்டவர், அன்று சாயங்காலமே அவிநாசியில் பல் டாக்டரிடம் கூட்டிப்போனார். டாக்டர் எங்களைவிட வயதில் சின்னப் பெண். எதையும் கேட்பதற்கு முன்னால் முழுசாகப் பார்த்தார். காஸ் துணியால் நாக்கு நுனியைப் பிடித்து இழுத்து இரண்டு ஓரங்களையும் பார்த்தார், விரலால் தடவினார். கன்னத்தின் உட்புறம், உதடு, அண்ணம், நாக்கின் அடிப்பக்கம், கடைசியில் தாடைக்குக் கீழே கழுத்தில் நெறி கட்டியிருக்கிறதா என்று அமுக்கிப் பார்த்தார். பிறகு திரும்பி என் வீட்டுக்காரரிடம், "ஏனுங்கண்ணா, நீங்க வந்து இந்தச் சேர்ல உக்காருங்க" என்றார். அவர் நாக்கைப் பிடித்து இழுத்து என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். அதே வரிசை. அதே கம்பு மணிகள். அவருக்கு ஒன்பது.

"இது எல்லாருக்கும் இருக்குதுங்க அக்கா. எனக்கும் இருக்குது. நாம யாரும் அவ்வளவு தூரம் நாக்க நீட்டிப் பாக்கறதில்ல, அவ்வளவுதான்."

நாக்கின் முன்பகுதி முடிந்து தொண்டைப்பகுதி தொடங்குகிற இடத்தில், தொண்டையைப் பார்த்து வைத்த அம்பு முனை போல, எட்டிலிருந்து பன்னிரண்டு வரை இந்த உருண்டைகள் நிற்கும். ஒவ்வொன்றையும் சுற்றிச் சின்ன அகழி மாதிரி ஒரு பள்ளம், அந்தப் பள்ளத்துச் சுவரில் சுவை மொட்டுகள். நாக்கின் பக்கவாட்டிலும், கடைவாய்ப் பல்லுக்கு நேராக, மடிப்பு மடிப்பாகச் சில மேடுகள் உண்டு. காய்ச்சல் வந்தாலோ சுடச்சுட எதையாவது குடித்தாலோ இவை கொஞ்சம் வீங்கி நிற்கும், தட்டுப்படும். பயந்துபோய் வருகிறவர்களில் பலர் இந்தப் பிறவி அமைப்பைப் பார்த்துவிட்டுத்தான் வருகிறார்கள் என்றார் டாக்டர். அவர் சொன்ன ஒரு வழி எனக்கு மிகவும் பிடித்துப்போனது. சந்தேகம் வந்தால் எதிர்ப் பக்கத்தைப் பார்க்க வேண்டும். வலப்பக்கம் இருப்பது இடப்பக்கமும் அதே இடத்தில், அதே மாதிரி இருந்தால் பெரும்பாலும் அது உடம்பின் அமைப்புதான். ஒரே பக்கத்தில் மட்டும் இருந்தால் காட்டிவிட வேண்டும்.

நாற்பத்திரண்டு வருஷமாக என்னோடு இருக்கிற வாய். அதில் எது எப்போதும் இருப்பது, எது புதிதாக வந்தது என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை. தோட்டத்தில் எந்த வாழை எப்போது குலை தள்ளும் என்று தெரியும். பையன் உடம்பில் எங்கே மச்சம் இருக்கிறது என்று தெரியும். என் கன்னத்தின் உட்புறம் எப்படி இருக்கும் என்று ஒரு நாளும் பார்த்ததில்லை.

அன்று டாக்டர் கையில் ஒரு கண்ணாடியைக் கொடுத்து எல்லாவற்றையும் காட்டினார். இரண்டு கன்னத்தின் உட்புறமும், மேல்பல்லும் கீழ்ப்பல்லும் சேரும் உயரத்தில், வெள்ளைக் கோடு ஒன்று நீளமாக ஓடியது. பல் உரசி உரசி வந்த தடிப்பு, பலருக்கும் இருக்கிறது. உதட்டோரத்தில் உள்ளே ரவை தூவியது போல வெளிர்மஞ்சள் புள்ளிகள். அவை எண்ணெய்ச் சுரப்பிகள். தோலில் முடியோடு சேர்ந்து இருக்க வேண்டியவை, இங்கே முடி இல்லாமல் இருக்கின்றன. 1896-இல் இவற்றை விவரித்த ஜான் அடிசன் ஃபோர்டைஸ் என்ற அமெரிக்கத் தோல் மருத்துவரின் பேரால் ஃபோர்டைஸ் புள்ளிகள் என்கிறார்கள். பெரியவர்களில் பத்துக்கு ஏழெட்டுப் பேருக்கு உண்டு. மருந்தும் வேண்டாம், கிள்ளவும் வேண்டாம்.

இடது கன்னத்தில் மட்டும் ஒரு சின்ன முடிச்சு இருந்தது. ஜவ்வரிசி அளவு, கன்னத்தின் நிறமே, வழவழப்பு, வலி இல்லை. "கன்னத்தக் கடிக்கற பழக்கம் உண்டுங்களா?" என்று கேட்டார். உண்டு. பள்ளிக்கூடக் காலத்திலிருந்து, கணக்குப் போடும்போதெல்லாம் இடது கன்னத்தை உறிஞ்சிப் பல்லுக்கு நடுவில் வைத்துக்கொள்வேன். மண்வெட்டி பிடித்த கை காய்த்துப்போகிற மாதிரி, திரும்பத் திரும்பக் கடிபட்ட இடத்தில் நார்த்திசு சேர்ந்து முடிச்சாகிவிடுகிறது. ஃபைப்ரோமா என்று பேர். தானாகக் கரையாது, புற்றாக மாறுவதும் இல்லை. தொந்தரவாக இருந்தால் மரத்துப்போக ஊசி போட்டு வெட்டிவிடலாம், இல்லாவிட்டால் விட்டுவிடலாம். எனக்கு அளவெடுத்து எழுதி வைத்துக்கொண்டு, ஆறு மாதம் கழித்து வரச் சொன்னார். போனேன், அப்படியேதான் இருந்தது.

பையனுக்கு வந்தது இதைவிடத் தொந்தரவு. ஆறாம் வகுப்பில் படிக்கும்போது சைக்கிளில் விழுந்து கீழுதட்டைக் கடித்துக்கொண்டான். காயம் நாலே நாளில் ஆறிவிட்டது. மூன்று வாரம் கழித்து அதே இடத்தில், உதட்டின் உட்புறம், துவரம்பருப்பு அளவுக்கு ஒரு மேடு. வெளிச்சத்தில் பார்த்தால் உள்ளே நீலம் ஓடிய கோலிக்குண்டு மாதிரி தெரிந்தது. அமுக்கினால் மெத்தென்று இருந்தது, வலிக்கவில்லை என்றான். ஒரு நாள் முறுக்குத் தின்னும்போது அது உடைந்து, முட்டை வெள்ளைக்கரு போலக் கொழகொழவென்று ஏதோ வந்தது. போய்விட்டது என்று நினைத்தோம். பத்து நாளில் திரும்ப வந்துவிட்டது.

இப்படி மூன்று தடவை. எங்கள் அம்மா ஒரு முறை ஊசியைத் தீயில் காட்டிக் குத்திவிட்டார். அவர் மேல் தப்புச் சொல்ல மாட்டேன், பேரன் மேல் உள்ள பிரியத்தில் செய்தது. குத்தியதும் சப்பென்று அமுங்கியது. அடுத்த முறை வந்தபோது முன்னைவிடப் பெரிதாக வந்தது.

அது ஏன் திரும்பத் திரும்ப வருகிறது என்பதை டாக்டர் பையனை வைத்தே காட்டினார். கீழுதட்டை வெளிப்பக்கம் மடித்து, உட்புறத்தைத் துணியால் நன்றாகத் துடைத்துக் காயவிட்டார். ஒரு நிமிடம் யாரும் பேசவில்லை. அப்புறம் பாருங்கள், துடைத்த இடத்தில் ஊசி முனை அளவுக்கு ஒரு துளி. பக்கத்தில் இன்னொன்று. பனிக்காலத்தில் விடியற்காலை சோளத்தட்டில் பனி கோத்து நிற்குமே, அந்த மாதிரி உதடு முழுக்கத் துளிகள் அரும்பின. பையனுக்குக் கண்ணாடியில் காட்டியதும் தன் பயத்தையே மறந்துவிட்டான். கன்னத்தடியிலும் நாக்கடியிலும் இருக்கிற பெரிய எச்சில் சுரப்பிகள் போக, உதடு, கன்னம், அண்ணம் என்று வாய் முழுக்க அறுநூறிலிருந்து ஆயிரம் வரை குட்டிச் சுரப்பிகள் இருக்கின்றனவாம். ஒவ்வொன்றுக்கும் மெல்லிய குழாய் ஒன்று. பல் பட்டு அந்தக் குழாய் அறுந்தால், வெளியே வர வேண்டிய நீர் தோலுக்கடியில் கசிந்து தேங்கும். சொட்டுநீர்க் குழாயை எலி கடித்துவிட்டால் தோட்டத்தில் அந்த ஒரு இடம் மட்டும் சொதசொதவென்று கிடக்குமே, அதேதான். மேலே தேங்கிய தண்ணீரை வடித்தால் என்ன பயன்? கீழே சுரப்பி சுரந்துகொண்டே இருக்கிறது.

மியூக்கோசீல் என்கிறார்கள். சிறுவர்களுக்கும் இளவயதுக்காரர்களுக்கும் அதிகம். பெரும்பாலும் கீழுதட்டில்தான் வரும். சில சமயம் தானாகவே வற்றிப்போகும், அதனால் கொஞ்ச நாள் காத்திருப்பதில் தவறில்லை. வந்து வந்து போனால், கட்டியோடு அந்தக் குட்டிச் சுரப்பியையும் சேர்த்து எடுத்துவிட வேண்டும். பையனுக்கு அப்படித்தான் எடுத்தார்கள். உதட்டில் ஊசி போட்டு அரை மணி நேரம், மூன்று தையல், இரண்டு நாள் தயிர்சாதம். எடுத்ததைச் சோதனைக்கும் அனுப்பினார்கள். இதுவே நாக்கின் அடியில், வாயின் தரையில் வந்தால் பெரிதாக உப்பும். தவளையின் தொண்டை போலத் தெரிவதால் தவளையைக் குறிக்கும் லத்தீன் சொல்லை வைத்து ரானுலா என்று பேர் வைத்திருக்கிறார்கள். அதைக் காத்திருக்காமல் காட்டிவிட வேண்டும். மேலுதட்டில் தட்டுப்படும் கட்டியும் அப்படித்தான். அங்கே இந்த எச்சில் கட்டி வருவது அபூர்வம், அதனால் அது வேறு ஏதாவதாக இருக்க வாய்ப்பு அதிகம்.

கட்டிகளைச் சொல்லிவிட்டேன். புண்ணுக்கு வருகிறேன். இதில்தான் நம் பக்கத்து ஆட்களோடு எனக்கு ஒரு பேச்சு பாக்கி இருக்கிறது.

நம்மூரில் வாயில் என்ன வந்தாலும் ஒரே பதில்தான்: சூடு. கொள்ளு சாப்பிட்டாயா, சூடு. கோழி சாப்பிட்டாயா, சூடு. சித்திரை வெயிலில் காட்டுக்குப் போய் வந்தாயா, கேட்கவே வேண்டாம். "வாயெல்லாம் வெந்துபோச்சு" என்று சொன்ன உடனே அம்மாவைப் பெற்ற அம்மிச்சி சுக்குட்டிக் கீரை பறிக்கக் கிளம்பிவிடுவார். மற்ற ஊர்க்காரர்கள் மணத்தக்காளி என்பார்களே, அதுதான். பாசிப்பருப்புப் போட்டுக் கடைந்து, கடைசியில் தேங்காய்ப்பால் விட்டு, காரமே இல்லாமல் இறக்குவார். அந்தத் தேங்காய்ப்பால் புண்ணின் மேல் வழுவழுவென்று படியும்போது ஏற்படும் சுகத்தை வாய்ப்புண் வந்தவர்கள்தான் அறிவார்கள். மாசிக்காயை உரைகல்லில் உரைத்துத் தடவினால் சுருக்கென்று இழுத்துப் பிடிக்கும். அதில் இருப்பது துவர்ப்புப் பொருள், கொய்யா இலையை மெல்லச் சொல்வதும் அதற்காகத்தான். வெதுவெதுப்பான தண்ணீரில் அரை ஸ்பூன் உப்புப் போட்டுக் கொப்பளித்தால் புண் சுத்தமாக இருக்கும். இவற்றை நான் இன்றைக்கும் செய்கிறேன், பையனுக்கும் செய்துகொடுக்கிறேன். ஆனால் இவை புண்ணை ஆற்றியதாகச் சொல்ல மாட்டேன். சாதாரண வாய்ப்புண் தானாகவே ஆறக்கூடியது என்பதால், எதைக் கொடுத்தாலும் அதனால் ஆறியது போலத் தெரியும்.

ஆஃப்தஸ் அல்சர் என்று டாக்டர்கள் சொல்வது இந்தச் சாதாரணப் புண்ணைத்தான். ஐந்தில் ஒருவருக்காவது வாழ்க்கையில் எப்போதாவது வருகிறது. முதல் நாள் ஒரு எரிச்சல், கண்ணுக்கு எதுவும் தெரியாது. அடுத்த நாள் வட்டமாகவோ நீள்வட்டமாகவோ ஒரு பள்ளம், நடுவில் மஞ்சள் கலந்த வெள்ளை, சுற்றிலும் குங்குமத்தால் வரைந்த மாதிரி சிவப்பு வளையம். அந்த நடு வெள்ளையைச் சீழ் என்று நினைத்து நகத்தால் சுரண்டுகிறவர்கள் இருக்கிறார்கள், நானே சுரண்டியிருக்கிறேன். அது சீழ் இல்லை. முழங்காலில் அடிபட்டால் பொருக்குக் கட்டுகிறதல்லவா, வாயின் ஈரத்தில் அந்தப் பொருக்கு காய முடியாமல் இப்படி வெள்ளைப் படலமாக நிற்கிறது. அதற்கடியில்தான் புதுத்தோல் வளர்கிறது. சுரண்டினால் ஆறுவது தள்ளிப்போகும்.

இது வருகிற இடத்துக்கும் கணக்கு உண்டு. உதட்டின் உட்புறம், கன்னம், நாக்கின் அடி என்று மெத்தென்ற, அசைகிற இடங்களில் வரும். கெட்டியாக எலும்பை ஒட்டியிருக்கும் ஈறிலும் முன் அண்ணத்திலும் பெரும்பாலும் வராது. உதட்டின் வெளி ஓரத்தில் கொத்துக் கொத்தாகக் கொப்புளம் வந்தால் அது வேறு, ஹெர்ப்பிஸ் வைரஸ் வேலை. ஊரில் அதையும் அக்கி என்று சொல்லிச் செம்மண் பூசுவார்கள். அது ஒட்டுவாரொட்டி. உடைந்து காயும் வரை கைக்குழந்தைக்கு முத்தம் கொடுக்கக் கூடாது. ஆஃப்தஸ் புண் ஒட்டாது. ஒரே டம்ளரில் குடித்தாலும் வராது. கம்பெனியில் ஒரு பெண்ணுக்கு வாயில் புண் வந்தால் மற்றவர்கள் அவளோடு சேர்ந்து சாப்பிடத் தயங்குவதைப் பார்த்திருக்கிறேன், அது தேவையே இல்லாத மனவேதனை.

ஏன் வருகிறது? முழுக் காரணம் இன்னும் தெரியவில்லை; உடம்பின் எதிர்ப்புச் சக்தியே வாயின் உள்தோலைத் தாக்குகிறது என்பதுதான் இப்போதைக்கு உள்ள விளக்கம். கிளப்பிவிடுவது ஆளுக்கு ஆள் மாறும். கடிபட்ட காயம், பரீட்சை பயம், தூக்கமின்மை, சிலருக்கு மாதவிலக்கு. அம்மாவுக்கோ அப்பாவுக்கோ இருந்தால் பிள்ளைக்கும் வரலாம். பற்பசையில் நுரைக்காகச் சேர்க்கும் சோடியம் லாரில் சல்ஃபேட் சிலருக்கு ஆகாது. அது இல்லாத பசைக்கு மாறியதும் புண் குறைந்தவர்கள் உண்டு. அப்புறம் இரும்புச் சத்து, பி12, ஃபோலிக் அமிலம் குறைவது.

இந்தக் கடைசிக் காரணம் என் கதை. மாதம் தவறாமல் எனக்குப் புண் வரும். மெடிக்கல் கடையில் பி காம்ப்ளக்ஸ் மாத்திரை அட்டையை வாங்கி விழுங்குவேன், சூடு என்று இளநீர் குடிப்பேன். வருஷக்கணக்கில் அப்படியே ஓடியது. அந்தப் பல் டாக்டர்தான் இரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். ஹீமோகுளோபின் 8.9. பெண்களுக்கு 12 இருக்க வேண்டும். மாடி ஏறினால் மூச்சு வாங்குவதை வயசாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். 2019-21-இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. நம் தையல் லைனில் உட்கார்ந்திருக்கும் பெண்களில் பாதிப் பேருக்கு இருக்கலாம். மூன்று மாதம் இரும்பு மாத்திரை, மாத்திரையோடு ஒரு நெல்லிக்காய், சோறு தின்ற கையோடு டீ குடிப்பதை நிறுத்தியது, இவ்வளவுதான் செய்தேன். டீயின் துவர்ப்பு இரும்பை உடம்பில் சேரவிடாது. புண் அடியோடு நின்றது என்று சொல்லவில்லை. மாதம் ஒன்று வந்தது வருஷத்துக்கு இரண்டு என்று ஆகியிருக்கிறது. கறியும் முட்டையும் தொடாத வீடுகளில் பி12-ஐயும் பார்த்துவிடுவது நல்லது. கீரையிலும் பருப்பிலும் அது கிடையாது, பால் தயிரில் கொஞ்சம் கிடைக்கும்.

சரி, பெரியப்பா.

அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்துக் காடுகளில் போயிலை போட்டார்கள். பெரியப்பா இருபது வயதிலிருந்து வெற்றிலை, பாக்கு, போயிலை மூன்றையும் சேர்த்துக் கீழ்த்தாடைக்கும் இடது கன்னத்துக்கும் நடுவில் அடக்கிக்கொள்வார். தூங்கும்போதுகூட இருக்கும். அந்த இடத்தில் பல வருஷமாக ஒரு வெள்ளைத் திட்டு இருந்திருக்கிறது. அவரும் பார்த்ததில்லை, எங்களுக்கும் தெரியாது. கடைசி சில வருஷமாக வாயை முழுசாகத் திறக்க முடியாமல் இருந்தது. நல்ல வாய்க்குள் தன்னுடைய மூன்று விரலை நிமிர்த்தி வைக்கலாம். அவருக்கு ஒன்றரை விரல்தான் போகும். பாக்கு செய்கிற வேலை அது, உள்தோலை நாராக இறுக்கிவிடுகிறது. போயிலை இல்லாமல் வெறும் பாக்கு போட்டால் ஒன்றும் செய்யாது என்று நம்மூரில் இன்னும் நினைக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் வெளியிட்ட அறிக்கையில் பாக்கையே புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உறுதியாகச் சொல்லிவிட்டது.

அப்புறம் அந்த இடத்தில் புண் வந்தது. நாங்கள் சூடு என்றோம். அருகில் இருந்த கடைவாய்ப் பல் கூராக இருந்தது, பல் குத்தி வந்த புண் என்றோம். ஒரு கிளினிக்கில் மூன்று முறை போய், மூன்று முறையும் அதே களிம்பை வாங்கி வந்தார். "நோவே இல்லியே சாமி, அப்பறம் எதுக்கு டாக்டரு?" என்பார். எனக்கு இன்றைக்கும் அந்த வார்த்தை கேட்கிறது. எட்டு மாதம் போனது. நோவு வந்தபோது காது வரைக்கும் வந்தது, கழுத்தில் நெறி கல் மாதிரி கட்டியது. சதை எடுத்துச் சோதிக்க வேண்டும் என்றதும் சொந்தக்காரர்கள் கூடி, கத்தி பட்டால் பரவிவிடும் என்று இன்னும் ஒரு மாதம் தடுத்தார்கள். அது பொய். சோதனைக்குச் சதை எடுப்பதால் நோய் பரவாது, எடுக்காமல் தள்ளிப்போடுவதில்தான் பரவுகிறது. கோயமுத்தூரில் தாடையோடு சேர்த்து எடுத்தார்கள், கரண்ட் வைத்தார்கள், கதிர்வீச்சைத்தான் அப்படிச் சொல்வோம். பத்தொன்பது மாதம் கம்மங்கூழும் கஞ்சியுமாக இருந்தார்.

என் மகனுடைய நீலக் கட்டிக்கு இரண்டு ராத்திரி தூங்காமல் இருந்தேன். என் நாக்கில் இருந்த சுவை மொட்டுக்கு இரண்டு நாள் செத்துப் பிழைத்தேன். உயிர் போகிற மாதிரி எரிகிற சின்னப் புண்ணுக்கு வீடே கூடிக் கீரை பறிக்கிறது. அது பத்து நாளில் போய்விடும். பெரியப்பாவுக்கு வந்தது வலிக்கவே இல்லை, அதனால் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. வலியை வைத்து நாங்கள் அளந்தது அடியோடு தப்பு. அளக்க வேண்டியது நாளை வைத்து.

சாதாரண வாய்ப்புண் ஏழிலிருந்து பதினான்கு நாளுக்குள் தழும்பு இல்லாமல் ஆறிவிடும். கூரான பல் குத்தி வந்த புண் என்றால், பல்லைத் தேய்த்துவிட்டோ பிடுங்கிவிட்டோ இரண்டு வாரம் பார்ப்பார்கள். காரணம் போனபிறகும் புண் போகவில்லை என்றால் சதை எடுத்துச் சோதிப்பார்கள். இரண்டு வாரம் தாண்டிய புண், அடியில் கெட்டியாகத் தட்டுப்படுவது, தொட்டால் இரத்தம் வருவது, சுரண்டினாலும் போகாத வெள்ளைத் திட்டு, வெல்வெட் மாதிரி சிவந்த திட்டு, காரணமில்லாமல் ஆடுகிற பல், மரத்துப்போன உதடு, குறைந்துகொண்டே வரும் வாய்த் திறப்பு. இதில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே போய்விட வேண்டும். அரசு ஆஸ்பத்திரிப் பல் பிரிவில் பார்ப்பார்கள், காசு ஒரு தடை இல்லை. பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. ஒன்றும் இல்லை என்று தெரிந்துகொண்டு திரும்பி வருவதற்காகப் போகலாம்.

இன்னொன்று, ஈறில் பரு மாதிரி வந்து உடைந்து வலி தீர்ந்துவிட்டால் ஆறிவிட்டது என்று நினைக்க வேண்டாம். பல்லின் வேரில் இருக்கும் சீழ் வழி கண்டுபிடித்து வந்திருக்கிறது. பல்லைப் பார்க்க வேண்டும்.

எங்கள் வீட்டு அடுக்களைச் சுவரில் தினசரி காலண்டர் தொங்குகிறது. ராகு காலம், எமகண்டம், சந்திராஷ்டமம் எல்லாம் போட்டிருக்கும் அந்தக் கிழிக்கிற காலண்டர்தான். வீட்டில் யாருக்காவது வாயில் புண்ணோ கட்டியோ வந்தால், அன்றைய தாளைத் தூக்கிப் பதினான்கு தாள் தள்ளி, ஓரத்தில் நீல மையால் ஒரு புள்ளி வைத்துவிடுகிறேன். அந்தத் தாள் வருகிற காலையில் டார்ச் எடுக்க வேண்டும்.

போன ஆவணியில் வைத்த புள்ளி அம்மிச்சிக்கு. எண்பத்து நாலு வயது. புதிதாக மேல்பல் செட்டு கட்டிக்கொண்டார். போட்ட நாலாம் நாள் சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டார். பார்த்தால் அண்ணத்தின் நட்டநடுவில், முன்னிருந்து பின்னாக, பாதி நிலக்கடலையைக் கவிழ்த்து வைத்த மாதிரி ஒரு மேடு. அதன் உச்சியில் ஒரு புண். எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது. "அது என்ற கலியாணத்துக்கு முன்னாடியே இருக்குது கண்ணு" என்றார் அம்மிச்சி, நாக்கால் அதைத் தடவிக்கொண்டே. எலும்புதான். டோரஸ் என்று பேர், அண்ணத்தின் நடுவிலோ கீழ்த்தாடையின் உட்பக்கத்திலோ இளவயதிலேயே மெல்ல வளர்ந்து நின்றுவிடும், கல் போல இருக்கும், ஒன்றும் செய்யாது. மேலே தோல் மெலிசு என்பதால் சூடான களியோ முறுக்கோ பட்டால் உரிந்துவிடும். அம்மிச்சிக்குப் பல் செட்டு அதன் மேல் உட்கார்ந்து தேய்த்திருக்கிறது. டாக்டர் செட்டின் உட்புறத்தைக் குடைந்துகொடுத்து, புண் ஆறும்வரை கழற்றி வைக்கச் சொன்னார். வந்ததும் புள்ளி வைத்தேன்.

பதினான்கு நாள் கழித்து, தாளைக் கிழித்தபோது நீலப் புள்ளி இருந்தது. வாசல் திண்ணையில் வெயிலுக்கு உட்கார்ந்திருந்தார். "வாயத் தெறங்க அம்மிச்சி" என்று டார்ச்சை அடித்தேன். முகவாயைப் பிடித்துத் தலையைப் பின்னால் சாய்த்துக் காட்டினார். மேடு அப்படியே இருந்தது. அதன் உச்சியில், புண் இருந்த இடத்தில், சுற்றிலும் இருப்பதைவிடக் கொஞ்சம் கூடுதலாகச் சிவந்த புதுத்தோல். விரலால் தொட்டேன், முகம் சுளிக்கவில்லை.

"பாத்தாச்சா சாமி? காப்பி வெச்சுக் குடு, பல்லப் போட்டுக்கிட்டு முறுக்கு ஒண்ணு கடிச்சுப் பாக்கறேன்."